போண்டா சுற்றி வந்த விடைத்தாள்

போன வருடம் ஜூலையில் ஒரு சாயங்காலம், கோத்தகிரியில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஒரு டீக்கடையில் இரண்டு போண்டா வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளைப் பிரித்தால், எண்ணெய் ஊறிய இடத்தில் சிவப்பு மையில் 'கூட்டலைச் சரி பார்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. மேலே பிள்ளையின் பெயர், வகுப்பு, வட்டம் போட்ட மதிப்பெண், எல்லாம் அப்படியே இருந்தன.

அந்தப் பெண் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். அவளுடைய அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்ததும் அதே நிறுத்தத்தில்தான் பஸ்ஸுக்கு நிற்பார். அவர் கையில் இந்தத் தாள் கிடைத்திருந்தால் என்று நினைத்ததும் போண்டாவைச் சாப்பிட மனம் வரவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

எப்படி அங்கே போனது என்று கண்டுபிடிக்க ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மே மாதம் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருகிறார்கள் என்று ஸ்டோர் ரூமை அவசர அவசரமாகக் காலி செய்தோம், பழைய விடைத்தாள், பிள்ளைகள் விட்டுப்போன நோட்டு, சுருட்டி வைத்திருந்த சார்ட், போன பருவத்துப் புத்தகம் எல்லாவற்றையும் கோணியில் திணித்துப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பினோம், யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கிலோ கணக்கில் வாங்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். எழுதிய தாளிலும் செய்தித்தாளிலும் தின்பண்டம் கட்டக் கூடாது என்பது வேறு விஷயம். அச்சு மை சூடான எண்ணெயோடு உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே அறிவுறுத்தியது, 2018ஆம் வருடத்து விதிகளில் செய்தித்தாளுக்குத் தடையே போட்டுவிட்டார்கள். ஆனாலும் மலையில் பாதிக் கடைகளில் இன்னும் அதுதான் நடக்கிறது.

மறுநாள் பேப்பர் கடைக்குப் போனேன். எங்கள் மூட்டை அதற்குள் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் போயிருந்தது. கடைக்காரப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவு எழுதவே காரணம். "டீச்சரம்மா, நீங்க குடுத்த நோட்டுல பாதி எழுதவே இல்ல. எம் பேத்திக்கு நாலஞ்சு எடுத்து வெச்சேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

எழுதவே இல்லை. இது எனக்கு ஏன் அதுவரை தெரியவில்லை? தினமும் அந்த நோட்டுகளைத் திருத்துகிறவள் நான்தானே. ஆனால் திருத்துகிறவர்கள் எழுதிய பக்கத்தைத்தான் பார்ப்போம், மீதியைப் புரட்டுவதில்லை.

சரி, இந்த வருடம் எண்ணிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் பள்ளி சின்னது, பிள்ளைகள் 60 பேர்தான். படகர் வீட்டுப் பிள்ளைகள், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள், இப்போது ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் சிலர். ஏப்ரல் கடைசியில், "பழைய நோட்டை வீசாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள், எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னோம். 210 நோட்டு வந்தது. அதில் எழுதாத தாள் மட்டும் 4,000க்கு மேல்.

யோசித்தால் காரணம் பிள்ளைகள் இல்லை. 2012லிருந்து முப்பருவ முறை. பருவத்துக்கு ஒரு புத்தகம் என்பது நல்ல ஏற்பாடு, பையின் கனம் குறைந்தது. ஆனால் புத்தகம் மாறினால் நோட்டும் மாற வேண்டும் என்று நாங்களாகவே ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டோம். இரண்டாம் பருவம் தொடங்கும் முதல் நாள், "எல்லாரும் புது நோட்டு போடுங்க" என்று சொல்வது ஆசிரியர்தான். அப்புறம் வகுப்பு வேலைக்கு ஒன்று, வீட்டுப்பாடத்துக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று. பாடத் தலைப்பைப் புதுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும், பாடம் முடிந்தால் ஒரு பக்கம் சும்மா விட வேண்டும், முதல் இரண்டு தாள் பொருளடக்கத்துக்கு. அழகாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இந்த அழகுக்காக ஒரு நோட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அரசு இலவசமாகக் கொடுக்கிற நோட்டு போதாமல், தினக்கூலிக்குப் போகிற அம்மா கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த ஜூனிலிருந்து மாற்றியிருக்கிறோம். முன்பக்கத்திலிருந்து வகுப்பு வேலை, நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து வீட்டுப்பாடம். இரண்டும் நடுவில் சந்தித்தால் நோட்டு முடிந்தது. பருவம் மாறினாலும் அதே நோட்டுதான், சிவப்புக் கோடு ஒன்று போட்டுவிட்டுத் தொடர வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் ஏதாவது சொல்வார்களோ என்று உள்ளூர ஒரு பயம் இருந்தது. இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த 4,000 தாளை என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும். நடுவில் பின் அடித்த நோட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் பாதி எழுதியிருந்தால், பின்னைக் கழற்றிப் பிரிக்கும்போது ஒவ்வொரு தாளிலும் இடது பக்கம் எழுதியிருக்கும், வலது பக்கம் காலியாக இருக்கும். அதனால் மடித்துத் தைக்கிற முறை இதற்கு உதவாது. நடு மடிப்பில் ஸ்கேல் வைத்துக் கிழித்து ஒற்றைத் தாளாக்கி, அடுக்கித் தட்டி, ஓரத்தில் விரல் அகலம் விட்டு ஐந்து துளை போட்டு, மேலிருந்து கீழே போய் மறுபடி மேலே வருகிற மாதிரி தைக்க வேண்டும். பழைய கணக்குப் பேரேடுகள் தைத்திருக்குமே, அதே மாதிரி. துளை போட குத்தூசி, தைக்க மெழுகு தடவிய நூல். குத்தூசி பெரியவர்கள் கையில்தான். நூல் கோர்ப்பது, தாள் அடுக்குவது எல்லாம் பிள்ளைகள்.

அதற்கு முன்னால் ரகம் பிரிக்க வேண்டும். நாலு கோடு, ரெட்டைக் கோடு, கட்டம் போட்டது, கோடு போடாதது என்று நாலு குவியல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மதியத்தில் பிரித்துவிட்டார்கள். அட்டைக்குப் பழைய மாதக் காலண்டர். பசை வைத்து ஒட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். இந்த ஈரத்தில் மைதா பசை நாலு நாளில் பூசணம் பிடித்துவிடுகிறது. பைண்டிங் கடைகளில் அதற்கு மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், பிள்ளைகள் கைபடுகிற இடத்தில் கூடாது. அதனால் பசையே வேண்டாம் என்று அட்டையையும் சேர்த்துத் தைத்துவிட்டோம். ஒன்றுக்கு 60 தாள் வீதம் 68 நோட்டு வந்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மீதி எட்டை, நடுவில் வந்து சேர்கிற பிள்ளைகளுக்கு என்று அலமாரியில் வைத்திருக்கிறோம். எஸ்டேட்டில் வேலை மாறினால் குடும்பம் ஆகஸ்டிலும் வரும், நவம்பரிலும் வரும், அந்தப் பிள்ளை முதல் நாள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எட்டு நோட்டின் அருமை தெரியும்.

எழுதிய பாதியை என்ன செய்வது? இதில் ஒரு அம்மாவிடம் நான் பாடம் கற்றேன். "அடுப்புல போடாதீங்கன்னு சொல்லிட்டீங்க டீச்சர், மழைல வெறகு நமுத்துக் கெடக்கு, எதை வெச்சுப் பத்த வெக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் விறகு பற்றுவது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும். எழுதி முடித்த தாளைக் கேட்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், பளபளப்பு அட்டையையும் பிளாஸ்டிக் பூசிய பிரவுன் ஷீட்டையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு. அவற்றை எரித்தால் வருகிற புகை சமையல் செய்கிறவர் நெஞ்சுக்குள்தான் போகும்.

கேள்வித்தாள் விஷயத்தில் என் எண்ணம் தப்பாக இருந்தது. ஜெராக்ஸ் எடுப்பதுதான் பெரிய வீண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டால், 60 பிள்ளைகள், 5 பாடம், 3 பருவம், மொத்தம் 900 ஏ4 தாள். ஒரு சதுர மீட்டர் காகிதத்தில் 16 ஏ4 வரும், 75 கிராம் தாள் என்றால் ஒன்று 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 900 தாளும் சேர்ந்து நாலு கிலோ சொச்சம்தான். ஒரு தாளில் இரண்டு கேள்வித்தாள் வருகிற மாதிரி அடித்து அதையும் பாதியாக்கினோம், நல்லதுதான். ஆனால் கனம் முழுக்க நோட்டில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு இதைப் பெரிதாகப் பேசி என்ன பயன். 

இந்தக் கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் போட்டேன். அப்போது ஒரு பையன் எழுந்து கேட்டான். "பேப்பர் கரும்புச் சக்கையிலதானே செய்யுறாங்க டீச்சர், மரம் வெட்டலையே, அப்பறம் எதுக்கு மிச்சம் பண்ணணும்?" எங்கேயோ படித்திருக்கிறான். அவன் சொன்னதில் பாதி சரி. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் இருக்கிற டி.என்.பி.எல். (தமிழ்நாடு அரசின் காகித நிறுவனம்) ஆலைக்கு முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கைதான், அதோடு தைல மரமும் சவுக்கும் சேர்கின்றன. சில வருடம் முன்பு முதுமலைக் காட்டைப் பிடித்துக்கொண்டிருந்த மஞ்சள் கொன்றை என்ற அந்நிய மரத்தை வெட்டிக் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்ளும் வேலையையும் அந்த ஆலையிடம்தான் கொடுத்தார்கள்.

அவனுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் தமிழ்நாட்டு வரைபடத்தைச் சுவரில் மாட்டி, கோத்தகிரியில் விரலை வைத்து, தண்ணீர் போகிற வழியே போகச் சொன்னேன். நம் பக்கத்து ஓடைத் தண்ணீர் கேத்தரின் அருவியில் விழுந்து கல்லாற்றோடு போகிறது. மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்கிறது. சிறுமுகை, பவானிசாகர், சத்தியமங்கலம், கோபி, அப்புறம் பவானி கூடுதுறையில் காவிரி. ஈரோடு தாண்டி, கொடுமுடி தாண்டி, புகளூர். அங்கே காவிரியை ஒட்டித்தான் காகிதபுரம். சக்கை வயலிலிருந்து வந்தாலும் அதை வேக வைக்க, அலச, கூழாக்க, தாளாக விரிக்கத் தண்ணீர் இல்லாமல் முடியாது. நெருப்பும் மின்சாரமும் தனி. நம் தண்ணீர் கீழே போய்த் தாளாகி, லாரியில் மலை ஏறித் திரும்பி வருகிறது, அதில்தான் நீ எழுதுகிறாய் என்று சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. அந்தப் பையன் வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் இன்னொரு முறை விரலை வைத்துப் பார்த்தான்.

மறுசுழற்சிக்குத்தானே போகிறது, போகட்டுமே என்று ஒரு ஆசிரியர் நண்பர் சொன்னார். போகட்டும், குப்பையில் எரிவதை விட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் காகிதத்தின் நார் ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நீளம் குறைகிறது, ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாங்காது. எழுதும் தாள் அட்டையாகும், அட்டை முட்டைத் தட்டாகும், அதோடு சரி. எழுதவே எழுதாத வெள்ளைத் தாளை எடுத்த எடுப்பில் அந்தக் கடைசிக்கு அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. சத்துணவுக்கு முட்டை வருகிற அட்டைத் தட்டுகளைச் சேர்த்து வைத்து, குழிக்கு ஒரு விதை என்று முட்டைக்கோஸ் நாற்று விடுகிறோம், அப்படியே கிழித்து மண்ணில் வைத்தால் தட்டு மக்கிவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'வீணான பொருளில் கலைப்பொருள்' என்று போட்டி வைக்கிறோமே, அது. போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் கடையில் போய்ப் பாருங்கள், சார்ட், கலர் பேப்பர், பளபளக்கிற ஜிகினாத் தாள், பசை, எல்லாம் புதிது புதிதாக வாங்கிக்கொண்டு அப்பாக்கள் நிற்பார்கள். வளரறி மதிப்பீட்டுக்கான (பருவத்தின் நடுநடுவே போடுகிற மதிப்பெண்) செயல்திட்டமும் அப்படித்தான். இன்டர்நெட் சென்டரில் கலர் பிரிண்ட் எடுத்து, வெட்டி, சார்ட்டில் ஒட்டி, ஒரு வாரம் சுவரில் தொங்கி, பிறகு சுருட்டி ஸ்டோர் ரூம். பிள்ளை அதில் கற்றது என்ன? கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றிருக்கலாம். இப்போது செயல்திட்டத்தைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் செய்யச் சொல்கிறேன். சிவகாசியிலிருந்து வருகிற அந்தச் சின்னத் தாள் பல வீடுகளில் தினமும் ஒன்று கிழிகிறது, பின்பக்கம் காலியாக இருக்கிற காலண்டர் நிறைய உண்டு. ஒரு தாளுக்கு ஒரு பறவை, ஒரு தாளுக்கு ஒரு செடி. தாங்களே வரைகிறார்கள். ஒரு பெண் அன்றன்றைய மழை எப்படி என்று அன்றைய தேதித் தாளின் பின்னாலேயே எழுதி வைத்திருக்கிறாள், ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஒரு நாள் விடாமல். எந்த சார்ட்டும் இதற்கு ஈடாகாது.

காகிதக் கூழும் முயன்று பார்த்தோம். தாளைக் கிழித்து ஒரு நாள் ஊறப்போட்டு, அரைத்து, தொட்டித் தண்ணீரில் கலந்து, கொசுவலை அடித்த சட்டத்தால் அள்ளித் துணியில் கவிழ்க்க வேண்டும். போன வருடம் ஆகஸ்டில் செய்தோம். ஒன்பது நாளாகியும் காயவில்லை, பச்சைப் பசேலென்று பூசணம் பூத்துவிட்டது, பிள்ளைகள் முகம் வாடிப் போனது. மலையில் இதற்குத் தை, மாசிதான் காலம். இந்த வருடம் பிப்ரவரியில் அதே முறையில் செய்தபோது, வெயிலில் இரண்டே நாளில் தாளாகக் காய்ந்தது, கெட்டியாக, கொஞ்சம் சாம்பல் நிறத்தில். அப்போதுதான் ஒரு பிள்ளையின் பாட்டி, "கூழோட வெந்தயத்த ஊறவெச்சு ஆட்டிச் சேரு" என்றார். அந்தக் காலத்தில் அவர் வீட்டில் முறத்துக்குப் பூசுவது, பானையைக் கவிழ்த்து அதன் மேல் அப்பிக் கூடை எடுப்பது எல்லாம் இப்படித்தானாம். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடித்துக்கொள்ளும், கசப்புக்குப் பூச்சி வராது. பாட்டியே ஒரு நாள் பள்ளிக்கு வந்து, தரையில் உட்கார்ந்து நாலு கூடை போட்டுக் காட்டினார். அதில் இப்போது சுண்ணக்கட்டியும் பென்சில் துண்டும் இருக்கின்றன.

விடைத்தாளுக்கு வருகிறேன். பெயர், வகுப்பு, மதிப்பெண் இருக்கிற மேல் ஓரத்தைக் கத்தரிக்காமல் இனி ஒரு தாள்கூட வெளியே போகாது. பருவம் முடிந்து பெற்றோர் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின், விதிப்படி வைத்திருக்க வேண்டிய காலம் வரை வைத்திருந்து, ஓரத்தைக் கத்தரித்து, அந்தத் துண்டுகளைத்தான் முதலில் ஊறப்போடுகிறோம். பள்ளிக்குப் பின்னால் ஒரு எரிகுழி இருந்தது, அதை மண் போட்டு மூடிவிட்டோம். குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு விதியே சொல்கிறது. அதை விடப் பெரிய காரணம், மார்ச் மாதக் காற்றில் எரிகிற ஒரு நோட்டுத் தாள் வேலியைத் தாண்டிச் சீகை மரங்களுக்குள் விழ எத்தனை நிமிடம் ஆகும் என்பது.

பேப்பர் கடைக்குப் போகிற மூட்டை இப்போது மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. பெரியவருக்கு அதில் வருத்தம் இருக்குமோ என்று நினைத்தேன். ஈரமில்லாமல், பின் எடுத்து, அட்டை தனி, வெள்ளைத் தாள் தனி என்று பிரித்துக் கொடுப்பதால் நல்ல விலையே போடுகிறார். ஈரத் தாளுக்கு எடையில் கழிப்பார்கள், பூசணம் பிடித்தால் எடுக்கவே மாட்டார்கள். அதனால் தாள் மூட்டையைத் தரையில் வைக்காமல் சத்துணவு அடுப்புக்குப் பின்சுவரை ஒட்டிய அறையில் பலகை போட்டு அதன் மேல் வைக்கிறோம். அந்தச் சுவர் எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும்.

நோட்டு தைத்ததில் ஒரு தாள் தவறி வந்துவிட்டது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கிடைத்த நோட்டின் நடுவில், ஓரமாக நாலே வரி எழுதிய ஒரு தாள். பார்த்தால் அவன் அக்காவின் கையெழுத்து, அவள் இப்போது ஹாஸ்டலில் தங்கி ஊட்டியில் படிக்கிறாள். கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அந்த நாலு வரிக்குக் கீழே தேதி போட்டு எழுதத் தொடங்கினான்.

வரும் ஏப்ரலில் பக்கத்து ஹட்டிப் (படகர் ஊர்) பள்ளியும் சேர்ந்துகொள்கிறது. எங்களிடம் இரண்டு குத்தூசிதான் இருக்கிறது, ஒன்றின் மரப்பிடி விட்டுப்போய்விட்டது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது இன்னும் மூன்று வாங்க வேண்டும்.